ஐந்நூறு கூட்டினால் பெண்

புதிதாக நியமனம் பெற்றிருக்கும் கிராம உத்தியோகத்தர்களுக்கு அனுபவத்தில் இருந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று பிரதேச செயலகத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய அரை மணித்தியாலத்தில் பாதியை வரவேற்புரை தின்றது. மீதியைத் தேநீர் தின்றது. சொல்ல நினைத்ததை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். வசதிப்பட்ட நேரம் வாசியுங்கள்.

படிவம் நிரப்புவதையும் பதிவேடு எழுதுவதையும் உங்களுக்கு வேறு ஆட்கள் பழக்குவார்கள். நான் செய்த நல்ல காரியங்களையும் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை என் பிரியாவிடைக் கூட்டத்தில் மூன்று பேர் வாசித்துவிட்டார்கள், அதில் பாதி எனக்கே புதினமாக இருந்தது. நான் எழுதப்போவது ஒரு பிழையைப் பற்றி. பிழை என்னுடையது.

அரசாங்கம் என்ன பெயர் வைத்தாலும் எங்கள் சனம் கிராம உத்தியோகத்தரை இன்னமும் விதானையார் என்றுதான் சொல்லும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விதானையார் என்றால் அது ஆம்பிளை. முதல் மாதம் ஒரு பெரியவர் என் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"விதானையார் நிக்கிறாரோ, பிள்ளை?"

"நான்தான் ஐயா. சொல்லுங்கோ."

"பரவாயில்லை, அவர் வரட்டும். நான் இருக்கிறன்."

மாமரத்துக்குக் கீழே இருந்துவிட்டார். என் கணவர் பாடசாலை முடிந்து வந்ததும் எழும்பி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கடுதாசியை அவரிடம் நீட்டினார். "நான் விதானையின்ரை மனிசன், ஐயா. விதானையார் உங்களோடைதான் இவ்வளவு நேரமும் கதைச்சுக்கொண்டு நிண்டவா," என்றார் என் கணவர். பெரியவர் என்னையும் கடுதாசியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் பேந்து வாறன்," என்று சொல்லிப் போய்விட்டார். பிறகு வரவேயில்லை. பக்கத்துப் பிரிவில் இருந்த ஆண் உத்தியோகத்தரிடம் கடிதம் கேட்டுப் போனாராம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தக் கதையை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கு நடந்ததற்காக மட்டுமே வந்த கோபம் அது என்பது வேலையின் கடைசி வருடங்களில்தான் எனக்கு விளங்கியது.

செயலகத்தில் அப்போது ஒரு தலைமை எழுதுநர் இருந்தார். என்னைப் பெண் என்று தள்ளி வைக்காமல் வேலை பழக்கியவர் அவர் ஒருவர்தான், ஆகவே அவரில் எனக்கு மரியாதை அதிகம். அவர் காட்டித்தந்த வித்தைகளில் ஒன்று அடையாள அட்டை இலக்கத்தை வாசிப்பது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டியிருப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. புதிய அட்டையில் வருடத்துக்கு நாலு இலக்கம், மற்றபடி அதே கணக்குத்தான். "நம்பரைப் பாத்தாக் காணும், பிள்ளை. ஆளைப் பாக்கத் தேவையில்லை," என்பார் அவர்.

நான் அதில் வலு கெட்டிக்காரியானேன். அட்டையை வாங்கி, இலக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே பதிவேட்டில் எழுதுவேன். வாசித்து முடிய முன்னம் ஆணா பெண்ணா, எந்த மாதம் பிறந்தது என்று சொல்லிவிடுவேன். வரிசையில் நிற்கிற சனம் வாயைப் பிளக்கும். எனக்கும் அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கையில் ஒரு வியாழக்கிழமை. என் அலுவலகம் ஒரு வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு அலுமாரி, சனம் இருக்க இரண்டு வாங்கு. அன்றைக்கு இரண்டு வாங்கும் நிரம்பி, வாசலிலும் ஆட்கள். றீற்றா என்ற பிள்ளையின் முறை வந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நீலச் சுடிதார், ஒற்றைப் பின்னல், கையில் பிளாஸ்ரிக் கோப்பு. ஊர் கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்று, எங்கள் பிரிவில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார். புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கொண்டு வந்திருந்தார். அதில் இந்த ஆள் இந்தப் பிரிவில்தான் வசிக்கிறார் என்று நான் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

பழைய அட்டையை வாங்கினேன். வழக்கம்போல இலக்கத்தை வாசித்தேன். நடுவில் ஐந்நூறு இல்லை. படத்தில் ஒரு பெடியன், முகச்சாயல் இந்தப் பிள்ளையுடையது. கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில் என் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

"பிள்ளை, உங்கடை அண்ணையின்ரை காட்டை மாறிக் கொண்டந்திட்டியள். இது ஆம்பிளையின்ரை நம்பரல்லோ!"

றீற்றா மேசையில் குனிந்தார். "என்ரை காட்தான், மிஸ். அதை மாத்தத்தான் வந்தனான். கடுதாசி எல்லாம் உள்ளுக்கை இருக்கு. கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ," என்றார்.

மெல்லக் கதைக்க இனி என்ன இருந்தது? வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். முன் வாங்கில் இருந்த சரசக்கா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு றீற்றாவை மேலும் கீழும் பார்த்தார். றீற்றாவுக்கு அறை கொடுத்திருந்தது அந்தச் சரசக்காதான்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். பால்நிலையை உறுதிப்படுத்தும் வைத்தியரின் சான்றிதழ் இருந்தது. திருத்திய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பெயர் றீற்றா, பால் பெண். ஒரு குறையும் இல்லை. இப்படியான விண்ணப்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற சுற்றுநிருபமும் என் அலுமாரியில் இருந்தது. அதைத் துளையிட்டுக் கோப்பில் கட்டியவளே நான்தான். வாசிக்கவில்லை.

அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "செயலகத்திலை கேட்டுப்போட்டுச் சொல்லுறன், செவ்வாய்க்கிழமை வாங்கோ," என்றேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அந்தப் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் நிற்காமல் போனால் போதும் என்று இருந்தது. சத்தமாய்ச் சொன்னது வாய்த் தவறு என்று வைத்தாலும், திருப்பி அனுப்பியது தவறல்ல, கோழைத்தனம். இதை நீங்கள் வேறுபடுத்திப் பழக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை றீற்றா வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை அறையை விடட்டாம், மிஸ்," என்றார். எங்களூர்ப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. முதலாளி நல்ல மனிசன், ஆனால் வேலையை நிரந்தரமாக்க மாத முடிவுக்குள் புதிய அட்டைக்குப் போட்ட பற்றுச்சீட்டாவது வேண்டும் என்று சொல்லியிருந்தார். அறையை விட்டால் என் பிரிவில் அவருக்கு வதிவிடம் இல்லை. வேறு பிரிவுக்குப் போய், வேறு விதானையிடம், வேறு வரிசையில் நின்று எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஊருக்குப் போகலாம் என்றால், தாய் தொலைபேசியில் மட்டும் கதைப்பாராம், தகப்பன் அதுவும் இல்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பேனையை எடுத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு அறையும் போயிராது, இந்த அலைச்சலும் இராது.

பேனையைத் தேடிக்கொண்டிருக்கையில் சரசக்கா வந்தார், கூடவே வாசிகசாலைத் தலைவர். தலைவரின் கையில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டிசம். அப்படியொரு ஆள் இந்தப் பிரிவில் வசிக்கவில்லை என்று நான் எழுத வேண்டுமாம். ஒரு பக்கம் நிறையக் கையெழுத்து.

"மிஸ், நாங்கள் ஒருத்தருக்கும் எதிரில்லை," என்று தொடங்கினார் தலைவர். இப்படித் தொடங்குகிறவர்களிடம் நீங்கள் கவனமாக இருங்கள். "ஆனா குமர்ப்பிள்ளையள் இருக்கிற இடம். நாளைக்கு ஒரு சோலி வந்தா ஆர் பொறுப்பு?"

"இதுவரைக்கும் என்ன சோலி வந்தது?"

"வரேல்லை. வந்தா எண்டுதான் சொல்லுறன்." பெட்டிசத்தை மேசையில் வைத்தார். "நீங்கள் எழுதாட்டி இது மேலை போகும். உங்களுக்கும் பென்சனுக்குக் கொஞ்சக் காலம்தானே கிடக்கு, மிஸ்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கடைசிக் காலத்தில் தீவுப் பக்கம் மாற்றிவிட்டால் படகும் பஸ்சுமாக அலைய என் முழங்கால் விடாது. றீற்றா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அவர்களோடு யார் ஆண், யார் பெண் என்று வாதம் பண்ணினால் நான் வெல்ல மாட்டேன் என்று தெரியும். அந்தப் படிவம் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லை. இந்த ஆள் இங்கே வசிக்கிறாரா என்ற ஒரே கேள்விதான் எனக்கு. ஆகவே பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினேன். "வாங்கோ, போய்ப் பாப்பம்," என்றேன்.

சரசக்கா வீடு நாலு வளவு தள்ளி. றீற்றாவின் அறையில் ஒரு கட்டில், அந்தோனியார் படம், இஸ்திரிப்பெட்டி, மடித்து வைத்த உடுப்பு. வசிக்கிறவர் அறை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. விறாந்தைக் கதிரையில் இருந்து பதிவேட்டில் சரசக்கா வீட்டுப் பக்கத்தைத் திறந்தேன்.

"சரசக்கா, இந்தப் பக்கம் ஞாபகமோ?"

அவருக்கு ஞாபகம் இல்லாமலா? கணவர் செத்த வருடம், கணவரின் தம்பி என் அலுவலகத்துக்கு வந்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதச் சொல்லி நின்றவர். பொம்பிளை எப்படித் தலைவராகலாம் என்று கேட்டவர். அன்றைக்கும் ஒரு பெட்டிசம் வந்தது. நான் சரசக்காவின் பெயரைத்தான் எழுதினேன். அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

"அதுவும் இதுவும் ஒண்டே, மிஸ்?" சரசக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பொம்பிளையாய்ப் பிறந்து, கலியாணம் கட்டி, ரண்டு பிள்ளை பெத்து..."

"ஒண்டோ இல்லையோ எனக்குத் தெரியாது. அண்டைக்கு உங்கடை மச்சான் நீங்கள் ஆரெண்டு எனக்குச் சொல்ல வந்தவர். நான் அவரைக் கேக்கேல்லை. இந்த வீட்டை ஆர் நடத்துறது எண்டு உங்களைக் கேட்டு எழுதினனான். இண்டைக்கும் உங்களைத்தான் கேக்கிறன். இந்தப் பிள்ளை இந்த வீட்டிலை இருக்கிறவோ, இல்லையோ? நீங்கள் சொல்லுறதை எழுதுறன். கீழை நீங்கள் கையெழுத்து வைக்க வேணும்."

சரசக்கா பதிவேட்டில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். தலைவருக்குப் பொறுமை இல்லை. "இல்லையெண்டு சொல்லக்கா, சொல்லிப்போட்டு விடு," என்று இடையில் விழுந்தார்.

அந்த மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. சரசக்கா அவர் பக்கம் திரும்பினார். "நீர் பேசாமல் இரும் காணும். என்ரை வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாதோ?" பிறகு என்னிடம், "ஓம். ஆறு மாசமாய் இருக்கிறா. எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் கஞ்சி வைச்சுத் தந்ததும் அவதான். எழுதுங்கோ," என்றார். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். கையெழுத்து வைத்த கையோடு, "ஆனா எனக்கு அறை வேணும், மிஸ். சனத்தின்ரை வாயை என்னாலை தாங்கேலாது. மாசம் முடிய மட்டும் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். உண்மை சொல்ல அவருக்குத் துணிவு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வியாழக்கிழமை என்னிடம் அதுகூட இருக்கவில்லை.

விறாந்தையிலேயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். படலையடியில் வைத்து றீற்றாவிடம், "அண்டைக்குக் கதைச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை," என்று மெல்லச் சொன்னேன்.

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "அண்டைக்கு எல்லாருக்கும் கேக்கச் சொன்னனீங்கள், மிஸ். இதை மட்டும் ஏன் காதுக்குள்ளை சொல்லுறியள்?"

கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். பெரிய பாடசாலைப் பிள்ளைகளுக்கெல்லாம் சமத்துவம் பற்றிப் பேசப் போன ஆள் நான்.

அடுத்த வியாழக்கிழமை வேலையைத் தொடங்க முன் எழும்பி நின்றேன். வாங்கில் முக்கால்வாசி அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். "போன வியாழக்கிழமை றீற்றா எண்ட பிள்ளையைப் பற்றி நான் இதிலை வைச்சுப் பிழையாய்க் கதைச்சனான். அந்தப் பிள்ளையின்ரை கடுதாசி எல்லாம் சரி. பிழை என்ரை," என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் இருமினார். பின் வாங்கில் இருந்த ஒரு அம்மா, "அது சரி மிஸ், என்ரை அலுவல் எப்ப முடியும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆகாயம் இடிந்து விழவில்லை.

பெட்டிசம் மேலே போனது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், வாசிக்காமல் கட்டி வைத்த சுற்றுநிருபத்தின் பிரதியையும் இணைத்தேன். என்னை ஒருவரும் தீவுக்கு மாற்றவில்லை. அந்த நாளில் இருந்து இலக்கத்தைச் சத்தமாக வாசிப்பதை விட்டேன். அட்டையை வாங்க முன் ஆளின் முகத்தைப் பார்த்து, பெயர் என்ன, என்ன அலுவல் என்று கேட்கத் தொடங்கினேன். வேலை கொஞ்சம் மெதுவானது.

றீற்றாவுக்கு அட்டை வந்தது, வேலையும் நிலைத்தது. திருநெல்வேலியில் வேறு அறை எடுத்தார். ஓய்வுபெற்ற பிறகு கண் மங்கி அந்தக் கடைக்கு நான் போனேன். றீற்றாதான் என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு கண்ணை மறைத்து, சுவரில் இருந்த எண்களை வாசிக்கச் சொன்னார். நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். "இதிலை நீங்கள் சத்தமாய் வாசிக்கலாம், மிஸ்," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பரிசோதனையை முதலில் இருந்து செய்ய வேண்டியதாயிற்று.

உங்கள் மேசைக்கு றீற்றாவைப் போன்ற திருநங்கைகள் நிறையப் பேர் வரப்போவதில்லை, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். மனைவி வெளிநாட்டில் இருக்க மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கிற மனுசன் வருவார். "அம்மா எங்கை?" என்று நீங்கள் பிள்ளையிடம் கேட்பீர்கள். உழவு இயந்திரம் ஓடுகிற பெட்டை வருவாள், தகப்பனின் பெயரில் விண்ணப்பத்தை எழுதுவீர்கள். ஆம்பிளை இப்படி, பொம்பிளை அப்படி என்று மனதுக்குள் ஒரு அட்டை அச்சடித்து வைத்திருக்கிறோம், அதோடு பொருந்தாத ஒருவரைக் கண்டால் பிழை அவரில் என்று முடிவு கட்டிவிடுகிறோம். றீற்றாவுக்கு நான் செய்தது அதைத்தான். அதற்கு விலையாக அவர் ஒரு அறையை இழந்தார்.

கடைசியாக ஒன்று. ஓய்வூதியம் வாங்குகிற நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று விதானையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வருடம் போனேன். நான் வேலை செய்த பிரிவு வேறு, குடியிருக்கிற பிரிவு வேறு, ஆகவே அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது. மேசையில் உங்களில் ஒருவர். பெயரைச் சொல்ல மாட்டேன், இதை வாசிக்கையில் அவருக்கே தெரியும். படிவத்தைப் பார்த்தார். பதவி, ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர். நிமிராமலே, வாசல் வரைக்கும் கேட்கச் சொன்னார்.

"அம்மா, ஐயா நேரை வரவேணும். ஆள் உயிரோடை இருக்கிறாரோ எண்டு நான் பாக்கவேணுமெல்லோ? போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது. என் வயதில், இத்தனை வருடம் அந்தக் கதிரையில் இருந்த எனக்கே அப்படி இருந்தது. அட்டையைப் படிவத்துக்கு மேலே வைத்தேன்.

"அந்த ஐயா நான்தான், தம்பி."

அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வெலவெலத்துப் போனார். மேசைக்கு மேலால் குனிந்து, எனக்கு மட்டும் கேட்க, "சொறி அம்மா, தெரியாமல் சொல்லிப்போட்டன்," என்றார். நல்ல பிள்ளைதான். பேனையையும் எடுத்துவிட்டார். நான் படிவத்தின் மேல் கையை வைத்தேன்.

"எல்லாருக்கும் கேக்கச் சொன்னனீர், தம்பி. இதையும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

பேனையைக் கீழே வைத்தார். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். வாங்கைப் பார்த்துச் சொன்னார், வாசலில் நின்றவருக்கும் கேட்டது. நான் கையை எடுத்தேன். அவர் இருந்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார்.